டை ராடுக்குப் போன கொண்டை ஊசி

ஜூன் 11, ஞாயிறு

காலையிலிருந்து மழை வருகிற மாதிரி பாவனை. வரவில்லை. ஆலைப் பக்கத்திலிருந்து அழுகின முட்டை நாற்றம் மட்டும் தவறாமல் வந்தது. துணி காயவில்லை. ரேஷனில் புழுங்கலரிசி இல்லை.

வை. வண்டிக்கு அடியில். (புருஷன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையுமாம். எழுதினாலும் குறையுமோ என்னவோ, எதற்கு வம்பு. 'வை.' போதும்.)

வண்டி என்பது ராணுவ ஏலத்தில் எடுத்த பிக்அப். முன்னால் ஒரு சீட்டு, பின்னால் திறந்த பெட்டி, நடுவில் துரு. அடுத்த தெரு கிட்டா மாமா கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். அவருடைய அண்டா குண்டாக்களை ஞாயிற்றுக்கிழமைகளில் மாடுங்காவிலிருந்து மண்டபங்களுக்குக் கொண்டுபோகிற உத்தியோகம் இதற்கு. திங்கள் முதல் சனி வரை வை. டிராம்பேயில் ஸ்டோர்ஸ் கிளார்க், ஞாயிறன்று முதலாளி. முதலாளிக்கு முண்டா பனியன்.

இன்றைக்குக் கண்டுபிடிப்பு: ஸ்டியரிங் லூஸ். ஒரு மாதமாக நான் சொல்வதுதான். கையால் கால் சுற்று சுற்றினால்தான் சக்கரத்துக்குத் தகவல் போய்ச் சேருகிறது. போன வாரம் சயானில் ஒரு டாக்ஸிக்காரன் தலையை வெளியே நீட்டி, "ஏ மதராஸி, பீகே சலாத்தா ஹை க்யா?" என்றான். குடித்துவிட்டா ஓட்டுகிறாய் என்று. காபியைத் தவிர எதையும் குடித்தறியாத மனுஷன். வண்டிதான் குடித்த மாதிரி போகிறது.

சுபா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். எட்டு வயசு. அப்பா ஓட்டினால் ஆகாசவிமானம்.

ஜூன் 12, திங்கள்

மழை. நிஜமாகவே.

வை. ஆபீஸ் லைப்ரரியிலிருந்து புஸ்தகம் கொண்டுவந்தார். தடிமன். இங்கிலீஷ். முதல் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பு. சாப்பிடும்போது இடது பக்கம் புஸ்தகம், வலது பக்கம் ரசம். உரக்க வாசிப்பு.

நான் கேளாமலே கற்றுக்கொண்டது: முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற கம்பிக்கு டை ராடு என்று பேர். கம்பியின் இரண்டு முனையிலும் ஒரு குண்டு, கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். குண்டு தேய்ந்தால் ஆட்டம். குண்டு கழன்றுவிடாமல் ஒரு நட்டு. நட்டு கழன்றுவிடாமல் ஒரு பின்.

"மெக்கானிக் எல்லாம் அடிமுட்டாள்டி. சுத்தியலைத் தவிர ஒண்ணும் தெரியாது. இது தியரி. தியரி தெரிஞ்சவன் ஒருத்தன் பம்பாயிலே இல்லை."

ஒருத்தர் இருக்கிறார் என்று அர்த்தம். மோர் ஊற்றினேன்.

வீட்டில் இதுவரை தியரிப்படி ரிப்பேர் ஆனவை: ஸ்டவ் (இப்போது புகைகிறது), சுவர்க் கடிகாரம் (நின்றுவிட்டது), குழாய் (நிற்கவே இல்லை).

ஜூன் 14, புதன்

வை.க்கு ஜுரம் என்று ஆபீஸுக்குச் சொல்லியனுப்பியாயிற்று. ஜுரக்காரர் விடிந்ததிலிருந்து கோணி விரித்து வண்டியடியில் படுத்திருந்தார். தெருவே வேடிக்கை. காலால் வேலை செய்கிற மாதிரி இரண்டு கால் மட்டும் வெளியே ஆடியது.

பத்து மணிக்கு மேலே வந்தார். "ஒரு தகரம் வேணும். மெல்லிசா."

இல்லை என்றேன். எதிரில் காபிப்பொடி டின். மூடியை எடுத்துக் கத்தரித்துவிட்டார். நல்ல டின். குண்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் தகரம் வைத்தால் ஆட்டம் நிற்குமாம். இப்போது காபிப்பொடியின் தலையில் தினசரித் தாள். மழைக்காலத்தில்.

மறுபடி வந்தார். இந்தத் தடவை குரலில் கொஞ்சம் குழைவு. "ஏண்டி, உன் கொண்டை ஊசி ஒண்ணு குடேன்."

"எதுக்கு?"

"பழைய பின்னைக் கழட்டறச்சே உடைஞ்சுடுத்து. அதே ஷேப்தான். ரெண்டு கால். உள்ளே விட்டு மடக்கிட்டா முடிஞ்சுது."

"அது என் தலையிலேயே ஒரு மணி நேரம் நிக்கறதில்லையே. சக்கரத்திலே நிக்குமா?"

"உன் தலை வேற, வண்டி வேற. தியரி தெரியாம பேசாதே."

கொடுத்தேன். கொடுக்காவிட்டால் பூட்டு ஊசியை எடுப்பார், அது இன்னும் மோசம்.

மத்தியானம் கிரீஸ் கையோடு சாம்பார் சாதம். ஜெயித்த முகம். பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூன் 15, வியாழன்

வை. ஆபீஸ் போனதும் அந்தப் புஸ்தகத்தை எடுத்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினது எதற்காவது உதவட்டும். படம் இருந்தது. நட்டு கிரீடம் மாதிரி, பல் பல்லாக. பல்லுக்கு நடுவே பின் போய், இரண்டு காலும் இரண்டு பக்கம் மடங்கி இருக்கிறது. படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு எச்சரிக்கை. சரியான பின் இல்லாமல் வண்டியை எடுக்காதே. நட்டு கழன்றால் ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை, சக்கரங்கள் தம் இஷ்டத்துக்குப் போகும்.

இந்தப் பக்கத்தில் ரசம் சிந்தின கறை. வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டு ரசத்தைச் சிந்திவிட்டு அடுத்த பக்கம் போயிருக்கிறார்.

சாயங்காலம் பொறுமையாகவே சொன்னேன். "அசல் பின் ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்கோளேன். ஞாயித்துக்கிழமை குழந்தை வேற வரா."

"நோக்கு என்ன தெரியும்? சாம்பார்லே பெருங்காயம் போட்டியா, அதைப் பாரு."

போட்டிருந்தேன். அதுகூடத் தெரியவில்லை நாக்குக்கு.

இனிமேல் இந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சுவரிடம் சொன்னால் சுவர் குறைந்தபட்சம் தியரி பேசாது. ஆனால் சுபா முன்சீட்டில் உட்காரப்போகிறாள்.

ஜூன் 16, வெள்ளி

வை.யை பஸ் ஏற்றி, சுபாவை ஸ்கூலுக்கு அனுப்பி, தாராவிக்குப் போனேன். தேங்காய்க்காரர் சொன்ன அடையாளம்: தோல் கிடங்கு தாண்டி லாரி ஷெட், மெக்கானிக் சுடலை என்று கேட்டால் போதும். குடை இருந்தும் முழங்கால் வரை சேறு. நாற்றத்துக்கு மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. அதுவும் ஒரு அவமானம்தான்.

சுடலை திருநெல்வேலிப் பக்கம். எண்ணெய் வழிகிற கிராப்பு, சினிமா மீசை, பனியனில் வெற்றிலைச் சாறு. என்னைப் பார்த்ததும் சட்டை தேடினான். "என்னம்மா, வழி தப்பி வந்துட்டியளா?"

விஷயம் சொன்னேன். அவனுக்கும் பெரிய பேச்சு. "சேம்பூரு முச்சூடும் நம்ம கை பட்ட வண்டிதான்லா ஓடுது." ஆக, இங்கேயும் ஒரு மேதாவி. பம்பாயில் எத்தனை பேர்தான் ஒருத்தராக இருப்பார்கள்.

மத்தியானம் சைக்கிளில் சாமானோடு வந்தான். அடியில் போனான். சத்தமே இல்லை. பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்தது. விரலில் என் கொண்டை ஊசி. ஒரு கால் முறிந்து போயிருந்தது. இரண்டு நாளில். வண்டி தெருமுனை வரைகூட ஒழுங்காகப் போகாத இரண்டு நாளில்.

"யாரும்மா செஞ்சது இது? ஆளை ஒருவாட்டி கண்ணால பாக்கணும்லா."

"முன்னாலே வெச்சிருந்தவா யாரோ" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? இவன் முன்னால் வை.யை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. வை.யைக் கேவலமாக நினைக்க எனக்கு உரிமை இருக்கிறது. இவனுக்கு என்ன இருக்கிறது?

காபி டின் மூடி கூழாக வந்தது. புது முனைகள் இரண்டு பக்கமும் போட்டான். கடைசியில் பையைத் துழாவிவிட்டு, "பின்னு தீந்துபோச்சும்மா. ஒரு ஆணியை வளைச்சு விட்டுருதேன். ஒண்ணும் ஆவாது."

"நான் இங்கேயே நிக்கறேன். நீங்க போய் பின் வாங்கிண்டு வாங்கோ."

"நம்பிக்கை இல்லியாம்மா?"

"இல்லை."

போனான். முணுமுணுத்துக்கொண்டே போனான். வந்து போட்டான். குனிந்து படத்தில் இருந்தபடி இரண்டு காலும் மடங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவனை விட்டேன். எந்தப் பணத்தில் கொடுத்தேன் என்பது இங்கே வேண்டாம்.

முறிந்த ஊசி கடுகு டப்பாவில்.

ஜூன் 18, ஞாயிறு

வானம் வெளிறியிருந்தது. மாடுங்காவுக்கு மூன்று பேரும் போனோம். வண்டி கோடு கிழித்த மாதிரி போயிற்று. சுபாவுக்கு ஏமாற்றம். "அப்பா, இன்னிக்கு ஏன் ஆடலே?"

வை. ஸ்டியரிங்கை ஒரு விரலால் பிடித்துக் காட்டினார். "பார்த்தியா? ஒரு ஊசி, ஒரு மூடி. உங்க அம்மா நம்பலே."

வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் 'எவனோ வந்து நான் பண்ணினதைக் கெடுத்துட்டான்' என்பார். அடுத்த வாரம் சுடலை போட்டதையும் கழற்றித் தியரிப்படி சரிபண்ணுவார். ஓடுகிற வண்டி ஓடட்டும்.

கிட்டா மாமாவின் அண்டாக்களை ஏற்றும்போது அங்கே நின்றவர்களுக்கெல்லாம் பிரசங்கம். தேங்காய் உரிக்கிறவன்கூடத் தப்பவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

கிட்டா மாமா வந்தார். தொந்தி, விபூதி, தோளில் துண்டு. அவரிடம் சமையல் ஆட்களை ஏற்றிப்போகிற பழைய வேன் ஒன்று இருக்கிறது. அதற்கும் அதே வியாதி.

"டேய் வை., என் வண்டியும் பேய் பிடிச்சாப்பலே ஆடறதுடா. நீ என்னமோ பண்ணினியாமே?"

"ஆத்துலே இருக்கற சாமானே போதும் மாமா" என்றார் வை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உள்ளே போய்விட்டேன்.

கவலையில்லை. கிட்டா மாமா உப்பைக்கூட நாலு தடவை நாக்கில் வைத்துப் பார்க்காமல் உலையில் போடாத ஆள். வேனை இவரிடம் கொடுக்க மாட்டார். பேச்சுக்குக் கேட்டிருப்பார், டிபனுக்கு வந்திருப்பார். ஆறு தோசை.

காபிப்பொடி கட்டி தட்டிவிட்டது.

ஜூன் 22, வியாழன்

வெயில், அபூர்வமாக. மாடி சாந்தாபாய் பட்டுப் புடவை, மூக்கில் பெரிய நத்து, கையில் நூல்கண்டு. இன்று மராத்திக்காரிகளுக்கு ஆலமரத்தைச் சுற்றி நூல் கட்டுகிற விரதம். ஏழு ஜன்மத்துக்கும் இதே புருஷன் வேண்டும் என்று பிரார்த்தனை. ஏழு! என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஓரமாக நின்றேன். எனக்கு இந்த ஒன்று பாக்கி இருக்கிறது, அதையே முடிக்க வழி தெரியவில்லை.

சுற்றி முடித்ததும் ஒவ்வொருத்தியும் பாட்டு மாதிரி ஏதோ கட்டி அதில் புருஷன் பேரைச் சொன்னாள். மற்றவர்கள் கைதட்டல். பிறகு என்னைச் சுற்றி நின்று, "நாவ் கே, நாவ் கே!" பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு.

வாயைத் திறந்தேன். வரவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம். இந்த ஆளை நான் மதிப்பதில்லை, மழையை மதிக்கிற அளவுகூட இல்லை. ஆனால் பேர் வரவில்லை. சாந்தாபாய் என் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தாள், எனக்கு அவர் மேல் அவ்வளவு பக்தியாம்.

அசட்டுப் பெண்கள். நானும்தான்.

ஜூன் 24, சனி

கொட்டுகிறது. நாளை தாணாவில் கல்யாணம், கிட்டா மாமா சமையல், எங்களுக்கும் அழைப்பு. சுபாவின் பச்சைப் பாவாடையைத் தையற்காரனிடமிருந்து வாங்க மாடுங்கா போனேன். காலையிலேயே கொடுப்பதாகச் சொன்னவன் மத்தியானம் பொத்தான் தேடிக்கொண்டிருந்தான். ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. வீடு வர இருட்டிவிட்டது.

கிட்டா மாமாவின் வேன் எங்கள் வாசலில் நின்றது. ஏன் என்று வை.யைக் கேட்டேன்.

"மாமா காலம்பர ஆட்களை ஏத்திண்டு இங்கேர்ந்துதான் கிளம்பறா. நான் பாத்திரத்தோட பின்னாலே வரேன்."

கையெல்லாம் கிரீஸ். இப்போது அதுதான் அவர் கையின் நிறம். கவனிக்கவில்லை.

கால் வலி. பாவாடை ஒரு விரற்கடை குட்டை.

ஜூன் 25, ஞாயிறு

மத்தியானம் எழுதுகிறேன்.

காலையில் மழை விட்டிருந்தது. தலை பின்னிக்கொள்ள ஊசி டப்பாவை எடுத்தேன். காலி. நேற்று மாடுங்காவுக்குப் புறப்படும்போது நாலைந்து பார்த்த ஞாபகம். வெல்ல டின்னைப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியாது. மூடி இல்லை. வெல்லத்தின் மேல் எறும்பு.

கீழே வேன் இஞ்சின் உறுமல்.

ஜன்னலுக்கு ஓடினேன். கிட்டா மாமா ஸ்டியரிங்கில். பின்னால் சமையல்காரர்கள், கரண்டியும் வாளியுமாக. முன்சீட்டில் பச்சைப் பாவாடை. வேனில்தான் வருவேன் என்று அடம்பிடித்து ஏறியிருக்கிறாள். வை. வெள்ளை வேஷ்டியில் நடுரோட்டில் நின்று, போலீஸ்காரன் மாதிரி கையைக் காட்டி வண்டியைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்னா!" என்று கத்தினேன்.

இந்தத் தெருவில் அது யாரைக் கூப்பிடுகிறது? எதிர்வீட்டு ஜானகியும் அதே நேரத்தில் "ஏன்னா, குடை!" என்கிறாள். அவள் புருஷன் திரும்பினார். தெருமுனையில் காய் வாங்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவரும் திரும்பினார். என்னுடையது திரும்பவில்லை. மறுபடி கத்தினேன். வேன் நகர்ந்தது.

அப்புறம் நடந்தது நான் யோசித்துச் செய்ததில்லை. அந்தப் பேரை நான் காதால் கேட்டதெல்லாம் கிட்டா மாமா கூப்பிடுகிற விதத்தில்தான். அப்படியே வந்தது.

"டேய் வைத்தி! நிறுத்துடா வண்டியை!"

வை. அப்படியே உறைந்தார். ஆனால் வண்டியை நிறுத்தியது அவர் இல்லை. கிட்டா மாமா பிரேக்கை மிதித்துவிட்டார், அதிர்ச்சியில். வாளிகள் உருண்டன. மாடியில் சாந்தாபாய் கைதட்டினாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

செருப்பில்லாமல் இறங்கினேன். முதலில் சுபாவை இறக்கினேன். அப்புறம் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "அடியிலே இருக்கறது என் கொண்டை ஊசி. யாரும் இதிலே போகப்படாது."

கிட்டா மாமா தொந்தியோடு குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார். இரண்டு விரலால் இழுத்தார். வந்துவிட்டது. நட்டைத் தொட்டார். அதுவும் கையோடு சுற்றியது. சமையல்காரன் ஒருத்தன் சிரிக்க ஆரம்பித்தான், பிறகு ஏறியிருந்த வண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டான்.

"என் வண்டியிலேயும் இதேதானே?" என்றார் வை. "போன வாரம் பூரா ஓடலையா?"

"இல்லை. அது முறிஞ்சு போச்சு. நான் தாராவியிலேர்ந்து ஆளை அழைச்சிண்டு வந்து மாத்தினேன்."

வை. கல்யாண வேஷ்டியோடு சேற்றில் படுத்து எங்கள் பிக்அப்புக்கு அடியில் போனார். இரண்டு கால் மட்டும் வெளியே. இந்தத் தடவை ஆடவில்லை. ரொம்ப நேரம் ஆடவில்லை. எனக்கு அவரைப் பார்க்க முதல்முறையாகப் பாவமாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

ஆட்கள் டாக்ஸியில் போனார்கள். வை. பாத்திரத்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, சாப்பிடாமல் திரும்பினார். நாங்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை. கடுகு டப்பாவிலிருந்து முறிந்த ஊசியை எடுத்துக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னேன். பெருங்காயம் போட்டியான்னு கேட்டேள்."

"அதுக்கு அப்புறம்?"

கேட்க மாட்டார் என்று நானே தீர்மானம் பண்ணிவிட்டேன். கிட்டா மாமா இவரிடம் வண்டியைக் கொடுக்க மாட்டார் என்றும் நானேதான் தீர்மானம் பண்ணினேன். எனக்கும் தியரிதான்.

கொஞ்ச நேரம் கழித்து, சட்டை மாட்டிக்கொண்டு, வாசற்படியில் நின்று, முகத்தைத் திருப்பாமல், "இனிமே அவசரம்னா அப்படியே கூப்பிடு" என்றார். தாராவிக்குப் போனார். சுடலையோடு வந்தார்.

மறுபடி மழை பிடித்துக்கொண்டது. சுபா என் மடியில் தூங்குகிறாள், குட்டைப் பாவாடையோடு. ஜன்னல் வழியாகத் தெரிகிறது: சுடலை வேனுக்கு அடியில், அவன் காலுக்கு மேல் குடை, குடைக்குள் புஸ்தகம். வை. குடையைப் பிடித்துக்கொண்டு உரக்க வாசித்துக் காட்டுகிறார், அவனுக்கு, இங்கிலீஷில்.

வைத்தியநாதன். முழுசாக எழுதிவிட்டேன். எட்டிப் பார்த்தேன். நனைந்துகொண்டே அடுத்த பக்கம் திருப்புகிறார்.